கொண்டான் கொடுத்தான் இல்லாத பூண்டு

எம்.ரெட்டியபட்டிப் பக்கத்தில் களை பிடுங்கிப் பிழைத்தவர்கள் ஏராளம். களை பிடுங்க ஆள் கிடைக்காமல் பருத்தியைக் கோட்டை விட்டவர்களும் ஏராளம். களையை விதைத்து, தண்ணீர் ஊற்றி, முள்வேலி கட்டிக் காவல் காத்தவள் ஒருத்திதான். அவள் பெயர் சௌந்தரம்.

அதிலும் அவள் விதைத்தது ஏதோ கோரையோ குப்பைமேனியோ இல்லை. குடியோட்டிப் பூண்டு. இலையில் முள், தண்டில் முள், காயில் முள். ஒடித்தால் மஞ்சளாகப் பால் வடியும். வீட்டுப் பக்கம் அது தழைத்தால் அந்தக் குடியையே ஊரை விட்டு ஓட்டிவிடும் என்பது அங்கே எல்லோருடைய நம்பிக்கையும். உண்மையில் அந்தப் பூண்டே வந்தேறி. மெக்சிகோவில் பிறந்து, கப்பலேறி வந்து, யாரையும் கேட்காமல் கரிசலிலும் செம்மண் செவலிலும் குடியேறிவிட்டது. இதைச் சௌந்தரம் சொன்னால், "அங்கயும் நாலு குடியை ஓட்டிட்டுத்தான் வந்திருக்கும்" என்பார்கள். அவர்களோடு எங்கே போய் வாதாடுவது.

1969-இல் அவளுக்கு இருபத்தேழு வயது. ஊர்க் கணக்குப்படி அது கல்யாணம் பேசுகிற வயது இல்லை, பேசி முடித்து மூன்று பிள்ளை பெற்றிருக்க வேண்டிய வயது. அவளோ மதுரையில் தாவரவியல் படித்துவிட்டு, அருப்புக்கோட்டையில் ஒரு கல்லூரியில் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். மாணவர்களுக்குச் செடியை அறுத்துக் காட்டுகிற வேலை. தாயும் தகப்பனும் போன பிறகு அண்ணன் பூமிநாதன்தான் அவளுக்கு எல்லாம். நல்ல சம்சாரி, கோபக்காரர், தங்கைமேல் உயிரையே வைத்திருந்தவர். உயிரை வைத்திருக்கிறவர்கள்தான் நம்மை அசையவும் விடமாட்டார்கள்.

சௌந்தரத்தின் கண்ணில் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. ரெட்டியபட்டிக் கரிசலில் குடியோட்டி கெட்டி மஞ்சளாகப் பூத்தது. திருச்சுழி போகிற வழியில் செவல் மண்ணில் அதே பூண்டு வெளிறிப்போய், எலுமிச்சை நிறத்தில் பூத்தது. ஏன்? மதுரையில் அவளுக்கு ஆய்வு வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் சங்கரலிங்கத்திடம் கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "மண்ணுதாம்மா காரணம். ஒரே செடிதான். கரிசல்ல சத்து இருக்கு, நிறம் கெட்டியா வருது. இதுல என்ன ஆராய்ச்சி பண்ணப்போறீங்க?" என்றார்.

"ஒரு கண்மாய்க் கரையில ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல நிக்குது சார். மண்ணு ஒண்ணுதான்."

"நிழல் விழுந்திருக்கும்."

கண்மாய்க் கரையில் நிழல் விழ ஒரு மரம்கூடக் கிடையாது. இதை அவரிடம் சொல்லவும் செய்தாள். அவர் முகம் சுருங்கியது. பிறகு, "சரி, நட்டுக் காட்டுங்க" என்றார். போய்த் தொலையட்டும் என்கிற தொனியில்தான் சொன்னார். ஆனால் சொன்னது சொன்னதுதானே.

நட நிலம் வேண்டும். அண்ணனிடம் கேட்டாள். அவர் முதலில் சிரித்தார், அப்புறம் கத்தினார், கடைசியில் பேரம் பேசினார்.

"தெக்குத் தரிசுல அரை ஏக்கர் எடுத்துக்க. என்ன கருமத்தையும் விதைச்சுக்க. மூணு வெள்ளாமை முடிஞ்சதும் நான் கைகாட்டுற மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டணும். சம்மதமா?"

"மூணு வெள்ளாமை முடியட்டும்ணே."

அது ஆமாவும் இல்லை, இல்லையும் இல்லை. பூமிநாதன் அதை ஆமா என்று எடுத்துக்கொண்டார். திருச்சுழியில் பம்ப்செட்டோடு நிலம் வைத்திருந்த தவசி என்ற சொந்தக்காரப் பையனை மனதில் குறித்தும் வைத்துக்கொண்டார். சௌந்தரம் அதை மூன்று வருஷம் கையில் கிடைத்ததாக எடுத்துக்கொண்டாள்.

செவல் மண் நாலு வண்டி அடித்து, தரிசில் நான்கு பாத்தி கட்டினாள். இரண்டு கரிசல், இரண்டு செவல். இரண்டு பூவின் விதையையும் இரண்டு மண்ணிலும் ஐப்பசி மழைக்கு விதைத்தாள். நிறம் மண் கொடுப்பதாக இருந்தால் கரிசலில் எல்லாமே கெட்டி மஞ்சளாக வரவேண்டும். விதை கொடுப்பதாக இருந்தால் எந்த மண்ணில் போட்டாலும் வெளிறியது வெளிறித்தான் பூக்கும். இவ்வளவுதான் விஷயம். இதற்குப் போய் ஊரே வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தது. தண்ணீர் ஊற்ற அண்ணன் மனைவி கஸ்தூரி மட்டும் குடத்தோடு வந்தாள். கஸ்தூரி பூமிநாதனுக்குத் தாய்மாமன் மகள். அதிகம் பேசமாட்டாள். "எதுக்கு மதினி உங்களுக்கு வீண் சிரமம்" என்று சௌந்தரம் கேட்டதற்கு, "வளர்றதைப் பாக்க நல்லாருக்கு" என்றாள்.

செடி அரை முழம் வளர்ந்திருந்தபோது ஒரு நாள் சௌந்தரம் காலேஜிலிருந்து வந்து பார்த்தால், ஒரு கரிசல் பாத்தி மொட்டையாகக் கிடந்தது. பக்கத்துப் புஞ்சையில் பருத்திக்குக் களையெடுக்க வந்த பெண்கள், போகிற போக்கில் இதையும் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். கூலி கேட்கவில்லை. பூமிநாதன் வீட்டுத் தரிசில் குடியோட்டி மண்டிக்கிடக்கிறதே என்ற நல்லெண்ணம். களை கண்ட கை சும்மா இருக்குமா? பிடுங்கியவர்களில் முன்கை, அதாவது முன்னால் போய் வேலையை நடத்துகிறவள், மாயக்காள். சௌந்தரத்தின் வயதுதான் இருக்கும், களையெடுப்பில் அவள் நிரை பிடித்தால் மற்றவர்கள் பின்னால் மூச்சு வாங்க வேண்டும்.

சௌந்தரம் கண்டபடி திட்ட வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. பிடுங்கிய செடிகள் வரப்பில் இரண்டு குவியலாகக் கிடந்தன. ஒரு குவியலில் இலை சாம்பல் பூத்த மாதிரி நீலம் ஓடியிருந்தது. இன்னொன்றில் நல்ல பச்சை, நடுவில் வெள்ளை நரம்பு.

"ஏன் ரெண்டாக் குவிச்ச?"

"பச்சை இலையோட பாலு சிரங்குக்குக் கேக்கும் தாயி, வீட்டுக்குக் கொண்டு போவம். சாம்பலு எதுக்கும் ஆகாது."

"இன்னும் பூக்கவே இல்லையே. எப்படிப் பிரிச்ச?"

மாயக்காள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இதுக்குப் பூப்பாக்கணுமாக்கும்? ரெண்டும் வேற வேற குடி. அதுக்கும் இதுக்கும் கொண்டான் கொடுத்தான் கிடையாது."

பெண் கொடுப்பது, பெண் எடுப்பது, அந்த உறவுக்குக் கொண்டான் கொடுத்தான் என்று பெயர். ஊரில் யார் வீட்டு வாசலில் யார் உட்காரலாம் என்பதே அதை வைத்துத்தான். மாயக்காள் அதைத் தூக்கிப் பூண்டுக்குப் போட்டாள். மதுரைப் பேராசிரியர் ஒரே செடி என்கிறார், களைக்காரி இரண்டு குடி என்கிறாள். யார் சரி என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது: இரண்டையும் கட்டிவைத்துப் பார்ப்பது.

அன்றிலிருந்து மாயக்காள் பாத்திக்குக் காவல்காரி ஆனாள். இலைக்கு எத்தனை முள், தண்டில் சாணுக்கு எத்தனை முள், இதழ் எவ்வளவு அகலம் என்று சௌந்தரம் நூற்றுக்கணக்கான செடிகளை அளந்தாள். தை பிறந்ததும் மிச்சப் பாத்திகள் பூத்தன. செவலில் நின்றவை குட்டையாகவும், கரிசலில் நின்றவை இடுப்பளவும் வளர்ந்திருந்தன. ஆனால் வெளிறியதன் விதை இரண்டிலும் சாம்பல் இலை விட்டு வெளிறியே பூத்தது, கெட்டி மஞ்சளின் விதை இரண்டிலும் பச்சை இலை விட்டுக் கெட்டி மஞ்சளாகவே பூத்தது. உயரம் மண் கொடுத்தது. நிறம் விதை கொடுத்தது. அவள் பாத்திக்கு நடுவில் நின்று தனியாகச் சிரித்தாள். வரப்பில் போனவர்கள் பூண்டு வேலையைக் காட்ட ஆரம்பித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

பேராசிரியர் மசியவில்லை. "ஒரு வருஷம் பார்த்தா போதுமா?" என்றார். "உள்ளே வித்தியாசம் இருந்தாத்தானே ரெண்டு செடி? உள்ளே பார்த்தீங்களா?"

உள்ளே என்றால் குரோமோசோம். ஒவ்வோர் உயிரணுவிலும் நூல் துண்டுகள் மாதிரி இருக்கும். தாய் வழி பாதி, தகப்பன் வழி பாதி. மகரந்தம் உருவாகிற நேரத்தில் அவை சோடி சோடியாக நிற்கும். அந்த நேரத்தில் பிடித்தால் எண்ணிவிடலாம். அதற்கு விடியற்காலை மொட்டைப் பறித்துச் சாராய மருந்தில் போட வேண்டும். காலேஜில் அதைக் கீறி, உள்ளிருக்கும் மகரந்தப் பையைச் சிவப்புச் சாயத்தில் வைத்துத் துருப்பிடித்த ஊசியால் நசுக்க வேண்டும். துரு இருந்தால்தான் சாயம் பிடிக்கும். ஆய்வகத்து அட்டெண்டர் அவளுடைய ஊசியைத் துருப்பிடித்திருக்கிறது என்று மூன்று தடவை தூக்கி எறிந்தார், அவள் மூன்று தடவையும் குப்பையைக் கிளறி எடுத்து வந்தாள். நூறு கண்ணாடித் தகடு நசுக்கினால் நாலில் தெரியும்.

தெரிந்தது. கெட்டி மஞ்சளில் பதினாலு சோடி. வெளிறியதில் இருபத்தெட்டுச் சோடி. அதாவது ஒன்றுக்கு இருபத்தெட்டு, இன்னொன்றுக்கு ஐம்பத்தாறு.

இதைப் பேராசிரியர் நம்ப வேண்டுமே. படம் வேண்டும். காலேஜ் குரூப் போட்டோ எடுக்க வருகிற இன்பராஜைப் பிடித்தாள். பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டில் மளிகைக்கடை வைத்திருந்த தனுஷ்கோடியின் மகன். கடையில் உட்கார் என்று தகப்பன் சொல்ல, கடைக்குப் பக்கத்திலேயே ஸ்டூடியோ போட்டு உட்கார்ந்தவன். "இந்த மைக்ராஸ்கோப்புக்குள்ள இருக்கிறதைப் படம் எடுக்க முடியுமா?" என்று கேட்டாள். அவன் மைக்ராஸ்கோப்பின் தலையை நூல் வைத்து அளந்துகொண்டு போனான். மறுவாரம் பால்பவுடர் டப்பாவை வெட்டி ஒரு குழாய் செய்து கொண்டுவந்து, கேமராவை மைக்ராஸ்கோப்பின் தலையில் மாட்டினான். பதினேழு படம் கரிப்பிடித்த மாதிரி விழுந்தது. பதினெட்டாவதில் இருபத்தெட்டுச் சோடியும் எண்ணுகிற மாதிரி நின்றன.

"இவ்வளவு சின்னதையா டீச்சர் இத்தனை நாளாத் தேடுனீங்க?" என்றான்.

"சின்னதுதான். அதை மாத்த யாராலயும் முடியாது."

அந்தப் படத்துக்குப் பிறகு அவன் படம் எடுக்காத நாளிலும் காலேஜ் பக்கம் வந்தான். அவளும் அவன் வருகிற நாளில் ஏழரை பஸ்ஸுக்கு ஆறே முக்காலுக்கே போய் நின்றாள். இதை நீட்டி முழக்க வேண்டாம். இரண்டு பேருக்கும் பிடித்துப்போனது. இரண்டு வீட்டுக்கும் கொண்டான் கொடுத்தான் கிடையாது. எல்லோருக்கும் தெரிந்த கதைதான், ஆனால் மாட்டியவர்களுக்கு அது புதுசு.

சங்கரலிங்கம் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். பென்சில் முனையை வைத்து எண்ணினார். இன்னொரு தடவை எண்ணினார். "மறுபடி நாற்பது செல் எண்ணிட்டு வாங்க" என்றார். நாற்பதும் எண்ணிக்கொண்டு போனாள். அதற்கப்புறம் அவர் மண்ணைப் பற்றிப் பேசவில்லை. "கலப்புப் பண்ணிப் பாத்துட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

கலப்பும் செய்தாள். மறுநாள் விரியப்போகிற மொட்டை முந்தின சாயங்காலமே பிரித்து, அதன் மகரந்தப் பைகளைக் கிள்ளிவிட்டு, எண்ணெய்த்தாள் உறை போட்டுக் கட்டினாள். காலையில் மற்றதன் மகரந்தத்தைத் தொட்டு வைத்தாள். கஸ்தூரி பக்கத்தில் நின்று சீட்டில் தேதியும் நம்பரும் எழுதிக் கட்டினாள். அறுபது பூ கட்டியதில் காய் பிடித்தது பதினொன்று. அதில் பாதி சருகு. விதைத்ததில் முளைத்தது மூன்றே மூன்று செடி. மூன்றும் மூன்றாம் வருஷம் தளதளவென்று வளர்ந்து, அழகாகப் பூத்து, ஒரு காய்கூடப் பிடிக்காமல் நின்றன. அவற்றையும் நசுக்கிப் பார்த்தாள். பதினாலு ஒரு பக்கம், இருபத்தெட்டு ஒரு பக்கம், மொத்தம் நாற்பத்திரண்டு. சோடி தேடி அலைந்து, கிடைக்காமல் சிதறிக் கிடந்தன.

சந்தோஷத்தில் அவள் ஒரு தப்புச் செய்தாள். வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணனிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். "மாயக்கா சொன்னதுதாண்ணே நெசம். ரெண்டும் வேற வேற இனம். கலந்தது காய்க்கவே இல்லை." பூமிநாதன் சோற்றைப் பிசைந்தபடி, "காய்க்கலையா?" என்று கேட்டுக்கொண்டார். மூன்று வருஷத்தில் அவர் அவளுடைய பூண்டைப் பற்றிக் கேட்ட ஒரே கேள்வி அதுதான். அவளுக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

1972 ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஆய்வேட்டைக் கட்டி மதுரைக்குக் கொடுத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. மூன்று வெள்ளாமையும் முடிந்திருந்தது. திருச்சுழியிலிருந்து தவசியின் தகப்பனார் சங்கையா, இன்னும் நாலு பெரிய மனிதர்களோடு வந்து ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார். பந்தல்குடி இன்பராஜ் விஷயம் அவர் காதுக்கும் போயிருந்தது. பூமிநாதன் தங்கையைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார். தவசிக்குத் தலையாட்டு என்று அவர் கேட்க, முடியாது என்று அவள் சொன்னாள். அப்போதுதான் அவர் மூன்று மாதமாக மடியில் முடிந்து வைத்திருந்ததை எடுத்தார்.

"மாமா, என் தங்கச்சி படிச்சவ. அவளே மூணு வருசம் பாடுபட்டுக் கண்டுபிடிச்சு, எழுதியும் குடுத்திருக்கா. வேற வேற குடி கலந்தா வித்துப் பிடிக்காது, மலடாப் போகும். கொண்டான் கொடுத்தான் இல்லாத எடத்துல வம்சம் தங்காது. நான் சொல்லலை, அவ படிப்பு சொல்லுது. எழுதுனவளே பந்தல்குடிக்காரன் வேண்டாம்னு சொல்லட்டும்."

பெரிய மனிதர்கள் தலையாட்டினார்கள். சௌந்தரத்துக்குத் தன் கையால் வளர்த்த மூன்று செடியைப் பிடுங்கித் தன்னையே அடிக்கிறாரே என்று ஆத்திரம் பொங்கியது. அப்படி ஒரு முடிவை எழுதாமல் விட்டிருக்கலாமே என்று ஒரு கணம்கூட அவளுக்குத் தோன்றவில்லை. கண்டதைக் கண்டபடி எழுதியவள் அவள். அதிலிருந்து இறங்கி வர அவள் தயாராக இல்லை.

"அண்ணே, அந்தப் பூண்டுல ஒண்ணுக்கு இருபத்தெட்டு, ஒண்ணுக்கு அம்பத்தாறு. அதான் சோடி சேரல. மனுசருக்கு நாப்பத்தாறு. உங்களுக்கு நாப்பத்தாறு, எனக்கு நாப்பத்தாறு, பந்தல்குடிக்காரருக்கும் நாப்பத்தாறு. களையெடுக்குற மாயக்காவுக்கும் அதேதான். குடிக்குக் குடி அது மாறாது. வெளிநாட்டுல எண்ணியே எழுதி வச்சிருக்காக. செடியில நான் எண்ணுனதை நம்புறீக, மனுசர்ல அவுக எண்ணுனதை நம்பமாட்டீகளா?"

சங்கையா துண்டால் விசிறிக்கொண்டு, "நாப்பத்தாறாம்ல. பரீட்சை மார்க்கு சொல்ற மாதிரில்ல இருக்கு" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு பூமிநாதனுக்குத் தெம்பு கொடுத்தது. "எண்ணிக்கை கெடக்கட்டும்த்தா. மலடாப் போச்சா இல்லையா? அதை மட்டும் சொல்லு."

சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும், முகம் மாறியது. ஏனென்றால் விருந்தாளிகளுக்கு மோர்ச் செம்போடு கஸ்தூரி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம், பிள்ளை இல்லை. ஒன்பது வருஷமாக அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத சொல் அது. ஜமுக்காளத்தில் ஒருவர் இருமினார். சௌந்தரம் மதினியைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். அண்ணன் முதல் தடவை அந்தச் சொல்லைச் சொன்னபோதே அதற்குப் பதிலாக மதினியின் பெயர் அவள் நுனி நாக்கில் வந்து நின்றது. அதைச் சொல்லி ஜெயிப்பதைவிடத் தவசிக்கே கழுத்தை நீட்டிவிடலாம் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கஸ்தூரி செம்பைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். எல்லோர் முன்னாலும் புருஷனோடு பேசுவது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

"நாம ரெண்டு பேரும் கொண்டான் கொடுத்தான்தான. நான் பொறந்த அன்னைக்கே பேசி வச்ச சொந்தம். ஒரே குடி. அப்ப நான் என்ன பூண்டுன்னு இவுகளுக்குச் சொல்லுங்க."

சங்கையா மோரைக் குடிக்காமலே எழுந்து, வெயில் ஏறுவதற்குள் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்றார். மற்றவர்களும் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்கள்.

ஆவணியில் அருப்புக்கோட்டை ரிஜிஸ்தர் ஆபீஸில் இன்பராஜோடு கல்யாணம். தனுஷ்கோடி கடைக்காரர் கடுகடுத்த முகத்தோடு ஓரமாக வந்து நின்றார். பூமிநாதன் வரவில்லை. சௌந்தரம் அதற்கு அழுதாள், அழுததை யாரிடமும் மறைக்கவும் இல்லை. குமாஸ்தா பெரிய புத்தகத்தைத் திருப்பி வைத்து, பெண் வீட்டுச் சாட்சி யார் என்று கேட்டார். மாயக்காளோடு பஸ்ஸில் வந்து இறங்கியிருந்த கஸ்தூரி முன்னால் வந்து பேனாவை வாங்கினாள்.

"வீட்டுல தெரியுமாம்மா?" என்று குமாஸ்தா தணிந்த குரலில் கேட்டார்.

"தெரியும். சொல்லிட்டுத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு, கஸ்தூரி தன் பெயரை எழுதினாள்.